நானோ மருந்துக்கு மாறலாம் என்கிறார் டாக்டர். சித்திக்குப் போடலாமா?

குமரன்_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். சித்திக்கு மார்பகப் புற்று. பேக்லிடாக்செல்ங்கிற கீமோ மருந்தை ஏத்துன முதல் தடவையே முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, பாதியிலேயே நிறுத்திட்டாங்க. இப்போ டாக்டர், "அதே மருந்துல நானோ வடிவம் இருக்கு, அதுக்கு மாறிப் பார்க்கலாம்"னு சொல்றார்.

வீட்டுல ரெண்டு கட்சி. ரத்தத்துல நீந்திப் போய்க் கட்டியைத் தேடி அழிக்கிற ரோபோ வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிட்டு, இதுதான் அதுன்னு குதிக்கிறான் தம்பி. சித்தப்பாவோ, உலோகப் பொடியை உடம்புக்குள்ள ஏத்திச் சோதனை பண்ணப் பார்க்கிறாங்கன்னு பயப்படுறார். சித்தி இந்தச் சண்டை எதையும் காதுல வாங்கல. "எவ்வளவு நேரம் ஏறும்?"னு மட்டும்தான் கேக்குறாங்க.

விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

---

கலவை_அறை:

தம்பி, நான் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்து கலக்கும் பார்மசிஸ்ட். முதலில் சித்தியின் கேள்வி: அரை மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பழைய பேக்லிடாக்செல் ஏற மூன்று மணி நேரம் ஆகும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பேக்லிடாக்செல் தண்ணீரில் கரையாது. அதனால் பழைய வடிவத்தில், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோர் என்ற கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்து வைத்திருப்பார்கள். முகம் சிவப்பது, மூச்சு முட்டுவது போன்றவற்றில் பெரும்பங்கு அந்தக் கரைப்பானின் வேலை. ஊசிக்கு முன்னால் ஸ்டீராய்டு, ஒவ்வாமை மருந்து எல்லாம் போட்டிருப்பார்களே, அது இதற்காகத்தான்.

நானோ வடிவத்தில் அந்தக் கரைப்பான் கிடையாது. நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் அளவுத் துகள்களாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு சிவப்பணுவின் குறுக்களவே ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரோபோவும் இல்லை, உலோகமும் இல்லை. மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 2005-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, எனவே சோதனை என்ற பயமும் வேண்டாம். ஒன்று மட்டும் சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள்: அந்த ஆல்புமின் மனித ரத்தத்திலிருந்து எடுத்தது. அதை வேண்டாம் என்பவர்கள் உண்டு, முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கலக்கும்போது எனக்கே கொஞ்சம் பொறுமை தேவைப்படும் மருந்து இது. 100 மில்லிகிராம் குப்பியில் தூள் இருக்கும். 20 மில்லி சலைனை அதன் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. குப்பியின் உள்சுவரை ஒட்டி, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து இறக்கணும். பிறகு ஐந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, மெதுவாகச் சுழற்றணும். குலுக்கினால் நுரைத்துவிடும், நுரை அடங்கும்வரை இன்னொரு கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். கடைசியில் பால் போல வெள்ளையாக வரும். பழைய மருந்து தெளிவாக இருந்ததைப் பார்த்த சித்தி இதைப் பார்த்துப் பயந்துவிடப் போகிறார், முன்பே சொல்லி வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பேக்லிடாக்செல் மூலக்கூறே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இதிலும் ஒவ்வாமை வரலாம், அதனால் முதல் தடவை ஏறும்போது நர்ஸ் பக்கத்திலேயே இருக்கணும். இன்னொன்று, இரண்டும் ஒரே அளவில் போடும் மருந்து இல்லை. மூன்று வார முறையில், உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குப் பழையது 175 மில்லிகிராம் என்றால் இது 260. சீட்டில் வெறுமனே "பேக்லிடாக்செல்" என்று எழுதி வந்தால் நான் போன் போட்டுக் கேட்காமல் குப்பியைத் தொடவே மாட்டேன்.

நானோ மருந்துகளில் மூத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து 1995-இல் அனுமதி வாங்கினார்கள். வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இருப்பதால் கல்லீரலும் மண்ணீரலும் அதைச் சட்டென்று பிடித்துவிடுவதில்லை, ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். சாதாரண டாக்சோரூபிசின் இதயத்துக்குச் செய்யும் கேடு இதில் கணிசமாகக் குறைந்தது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிவது. அவ்வளவு நேரம் சுற்றும் மருந்து அழுத்தம் படும் இடங்களில் கசிகிறது. இறுக்கமான செருப்பு, சுடுதண்ணீர் வேண்டாம் என்று இந்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம். நானோ என்றாலே பக்கவிளைவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பக்கவிளைவு இடம் மாறும்.

---

தென்றல்67:

புற்றுநோயில் மட்டுமில்லைங்க. எங்கப்பாவுக்குச் சர்க்கரையோட மியூக்கர் பூஞ்சையும் சேர்ந்துக்கிச்சு. ஆம்ஃபோடெரிசின் பி-ங்கிற பூஞ்சை மருந்தைக் கொழுப்பு உறையில வெச்சுக் குடுத்தாங்க. சும்மா குடுத்தா சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மருந்தாம் அது, உறைக்குள்ள வெச்சா பாதிப்பு குறைவுன்னாங்க. அப்படியும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் விடாம பார்த்துட்டே இருந்தாங்க. அம்மா கட்டுக்கட்டா ரிப்போர்ட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க. அப்பா இப்ப நல்லா இருக்கார்.

---

துகள்_மனிதன்:

நான் ஆய்வகத்தில் துகள் செய்பவன், மருத்துவர் இல்லை. அந்த வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரோபோ என்ற பேச்சு முழுப் பொய்யில்லை. 2018-இல் டிஎன்ஏவைத் தாள் போல மடித்து, உள்ளே ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை வைத்து, எலிகளின் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்க வைத்தார்கள். ஆனால் அது எலி. எந்த மருத்துவமனையிலும் சித்திக்கு அதைப் போட முடியாது.

"தேடிப் போய்" என்பதும் மிகை. கட்டியின் ரத்தக் குழாய்கள் ஓட்டையாக இருக்கும், துகள்கள் அதன் வழியே கசிந்து தங்கும் என்று 1986-இல் மாட்சுமுராவும் மாயேடாவும் காட்டினார்கள். துறையே அந்தக் கருத்தின் மேல் எழுந்தது. 2016-இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்ததன் நடுமதிப்பு (மீடியன்) 0.7 சதவீதம் என்று வந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அவையும் பெரும்பாலும் விலங்குச் சோதனைகள்தான், அதோடு அந்தக் கணக்கு முறை பற்றி இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

நிஜமாகவே துகள்கள் சுலபமாகப் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் பயன்படுத்திக்கொண்டது பட்டிசிரான் என்ற மருந்து, 2018-இல் வந்தது. கொழுப்புத் துகளுக்குள் ஆர்என்ஏ துண்டு. கல்லீரலுக்குள் போய், நரம்பைக் கெடுக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதம் உற்பத்தியாவதைக் குறைக்கும். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏவைச் சுமந்ததும் இதே வகைத் துகள்தான். ரத்தத்தில் மின்சுமை இல்லாமல் இருக்கும் கொழுப்பு, செல்லுக்குள் அமிலச் சூழலுக்கு வந்ததும் நேர்மின்சுமை ஏற்று, உறையைக் குலைத்துச் சரக்கை வெளியே விடும். என்னைக் கேட்டால் ரோபோவைவிட இது அழகு.

சித்தப்பாவின் உலோகப் பயத்துக்கு: இரும்பு ஆக்சைடு துகள் உள்ள ஊசி நிஜமாகவே உண்டு. ஃபெருமாக்சிட்டால், ரத்தசோகைக்கு 2009-இல் வந்தது. சித்திக்குப் போடப்போவது அதுவல்ல.

---

குமரன்_வாசகன்:

அக்கா, துகள் அண்ணா, தென்றல், எல்லாருக்கும் நன்றி. அரை மணி நேரம்னதும் சித்தி சரின்னுட்டாங்க! தம்பிக்குத்தான் ஏமாற்றம். அக்கா, முடி கொட்டுறது, கால் மரத்துப்போறது எல்லாம் இதுலயும் இருக்குமா?

---

கலவை_அறை:

முடி கொட்டும், அதில் மாற்றமில்லை. வெள்ளணுவும் குறையும், ஒவ்வொரு தடவையும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 1,500-க்குக் கீழே இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள், அன்றைக்கு யாரும் கோபப்படாதீர்கள். கல்லீரல் பரிசோதனை சரியில்லை என்றால் அளவைக் குறைப்பார்கள்.

மரத்துப்போவது இதிலும் உண்டு, சிலருக்குப் பழையதைவிட அதிகமாகவே வரும். சித்தி தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கவனிக்கணும். ரவிக்கை ஊக்கு மாட்டத் தடுமாறினாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைத்தோ கொஞ்சம் இடைவெளி விட்டோ கொடுப்பார்கள்.