அண்ணனின் மரணம்: பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவுங்கள்

வணக்கம். என் அண்ணன் ஏரியில் இறந்து கிடந்தார். மூழ்கி இறந்ததாக எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். அதை மட்டும் வைத்து நான் சந்தேகப்படவில்லை. நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவதுண்டு.

என்னைத் தூங்கவிடாதது வேறு. உடல் குப்புற மிதந்தது. ஆனால் இரத்தம் தேங்கிய நிறம் முதுகில் இருந்ததாக அறிக்கையே சொல்கிறது. இறந்தபின் இரத்தம் உடலின் தாழ்வான பக்கத்துக்கு இறங்கும், சில மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் வேறெங்கோ மல்லாந்து கிடந்தாரா? தண்ணீரின் அசைவிலும் இப்படி ஆகுமா? தடயவியல் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அப்புறம், உயிரோடு இருக்கும்போதே மூழ்கினாரா என்று அறிய எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நீர்வாழ் நுண்பாசியைத் தேடும் சோதனை பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அது தனியாக எதையும் உறுதி செய்யாது என்பது தெரியும். எடுத்துவைத்த மாதிரிகள் இருந்தால் இப்போதும் செய்ய முடியுமா?

மூடிய வழக்கைத் திரும்பத் திறக்க வைத்த குடும்பங்கள் இங்கே இருந்தால், முதலில் யாருக்கு எழுதினீர்கள், எந்த ஆவணங்களைக் கேட்டு வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். யார் மேலும் பழி போடுவது என் நோக்கம் இல்லை. தயவுசெய்து ஊகத்தில் பெயர்களை எழுத வேண்டாம்.