மட்டக்களப்பு வெயிலுக்கு 0டபிள்யூ-20 ஒயில் போதுமா, 20டபிள்யூ-50 தான் வேண்டுமா?

கேள்வி (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கே இறக்குமதியான 660 சிசி கார் ஒன்றை வைத்திருக்கிறேன். ஓட்டம் 80,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. கைநூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், எஞ்சின் ஒயில் பக்கத்தில் 0டபிள்யூ-20 என்றும் அதற்குக் கீழே 5டபிள்யூ-30 என்றும் அச்சிட்டிருப்பதை வாசிக்க முடிகிறது. ஆனால் வழமையாகச் சேர்விஸ் செய்யும் கராஜில், அது குளிர் நாட்டு ஒயில், எங்கள் வெயிலுக்குத் தண்ணீராகிவிடும், எஞ்சின் தேய்ந்துபோகும் என்று சொல்லிக் கடந்த முறை 20டபிள்யூ-50 விட்டார்கள். அதன் பிறகு காலையில் முதல் ஸ்டார்ட் பாரமாக இருக்கிறது. பெற்றோலும் சற்றுக் கூடுதலாகப் போகிறது.

என் ஓட்டம் பெரும்பாலும் கல்லடிப் பாலத்தைக் கடந்து நகருக்குப் போய்த் திரும்புவதுதான். எப்போதாவது குடும்பத்துடன் செங்கலடி வழியாகப் பதுளைக்கு ஏறுவோம். எந்த ஒயிலில் எஞ்சின் குறைவாகத் தேயும் என்பதைக் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (கல்முனை)

வணக்கம் சகோதரரே. முதலில் அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயில்களை வகைப்படுத்தும் எஸ்.ஏ.ஈ. ஜே300 என்ற தர அளவின்படி, டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்ற ஒயில் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை செல்சியசிலும், 20டபிள்யூ ஒயிலைப் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலும் சோதிக்கிறார்கள். தை மாதத்து நுவரெலியாவில்கூட அவ்வளவு குளிர் வராது. ஆகவே நமக்கு முக்கியமானது பின்னால் உள்ள எண்தான்.

அந்தப் பின் எண், 100 பாகையில் ஒயிலின் பிசுக்குமையை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் தடிப்பைக் குறிக்கிறது. 20 என்றால் வினாடிக்கு 6.9 முதல் 9.3 சதுர மில்லிமீற்றர். 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. வெளியே 33 பாகை வெயில் அடித்தாலும் 15 பாகைக் குளிர் இருந்தாலும், கூலன்ற்றின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தைத் தேர்மோஸ்ரற் என்ற வால்வு ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருப்பதால், சூடேறிய எஞ்சினுக்குள் ஒயில் அனுபவிக்கும் வெப்பம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. ஜப்பானிலும் கோடையில் 35 பாகையைத் தாண்டுகிறது. அங்கும் இதே எஞ்சினுக்கு இதே ஒயிலைத்தான் விடுகிறார்கள்.

தண்ணீராகிவிடும் என்ற பயத்துக்கு இன்னொரு கணக்கும் பதில் சொல்கிறது. பொதுவாக விற்கும் 0டபிள்யூ-20 ஒயிலின் பிசுக்குமை 40 பாகையில் 45 அளவில் இருக்கும். நன்றாகச் சூடேறிய 20டபிள்யூ-50 ஏறத்தாழ 18 தான். அதாவது, காலையில் நீங்கள் ஸ்டார்ட் செய்யும் வேளையில் அந்த "மெல்லிய" ஒயில், சூடான தடித்த ஒயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பாக இருக்கிறது. அதே வேளையில் 20டபிள்யூ-50 நூற்றைம்பதையும் தாண்டி நிற்கும். முதல் ஸ்டார்ட் பாரமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இனித் தேய்மானம். மாரி மழையில் தண்ணீர் நிற்கும் றோட்டில் வேகமாகப் போகும் டயர் நிலத்தைத் தொடாமல் மிதப்பதுபோல, சுழலும் கிராங் சாப்ட்டும் பெயரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் ஒயில் படலத்தில் மிதக்கின்றன. அந்தப் படலம் இரு பரப்புகளின் கரடுமுரடைவிடத் தடிப்பாக இருந்தால் போதும். அதற்கு மேல் கூடும் தடிப்பு உராய்வாகவும் வெப்பமாகவுமே செலவாகும். படலம் மிக மெலியும் இடங்கள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம் முனையும், பிஸ்டன் மேலே நின்று திரும்பும் இடத்தில் ரிங்கும். அங்கே உலோகத்தைப் பெருமளவில் காப்பது ஒயிலில் கலந்துள்ள துத்தநாக, பொசுபரசுச் சேர்வைகள் உருவாக்கும் மெல்லிய பூச்சு. மிக மெல்லிய ஒயிலும் ஆபத்துத்தான் என்பதால், 150 பாகையில் வேகமாக நசுக்கப்படும்போது 20 தர ஒயிலின் பிசுக்குமை குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-வினாடி இருக்க வேண்டும் என்று அதே ஜே300 வரையறுக்கிறது. 20டபிள்யூ-50க்கு அது 3.7. உங்கள் எஞ்சினின் பெயரிங் அகலமும் பரப்பின் வழுவழுப்பும் 2.6ஐ நம்பியே அமைக்கப்பட்டவை.

ஆகவே 0டபிள்யூ-20க்குத் திரும்புங்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி 2 (அக்கரைப்பற்று)

மேலே சகோதரர் சொன்ன விளக்கம் சரி. கராஜ் வேலையில் இருப்பவன் என்ற வகையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான்கு பேரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு பிபிலையைத் தாண்டி ஏற்றத்தில் நெடுநேரம் ஏறும்போது ஒயில் வழமையைவிடக் கூடுதலாகச் சூடாகும். அந்த ஓட்டம் அடிக்கடி இருந்தால், கைநூலே அனுமதிக்கும் 5டபிள்யூ-30ஐ விடுவதில் தவறில்லை. 50க்குப் போகத் தேவையில்லை. ரிங் தேய்ந்து நீலப் புகை தள்ளும் பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில் விட்டால் புகை குறையும், ஆனால் தேய்ந்த ரிங் தேய்ந்தபடியே இருக்கும்.

உங்கள் விடயத்தில் நான் கூடுதலாகக் கவலைப்படுவது அந்தக் குறுகிய ஓட்டத்தைப் பற்றித்தான். எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால், எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலுக்குள் இறங்கித் தங்குகின்றன. பெற்றோல் பிசுக்குமையைக் குறைக்கும், நீர் அமிலங்களுடன் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். ஒயில் விடும் மூடியைத் திருகிக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள். வெண்மஞ்சள் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் நீர் சேர்கிறது என்று பொருள். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியை மூக்கருகில் பிடிக்கும்போது பெற்றோல் மணம் தூக்கலாக இருந்தால் ஒயிலை மாற்றும் காலம் வந்துவிட்டது. 5,000 கிலோமீற்றர் ஆகாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு நல்லது. ஒயில் மட்டம் குறைந்த நிலையில் ஓடுவதைவிட எஞ்சினைத் தேய்ப்பது வேறில்லை. ஆகவே மாதம் ஒருமுறையாவது டிப் ஸ்டிக் பாருங்கள்.

கேட்டவர் (கல்லடி)

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது உள்ளே இருக்கும் 20டபிள்யூ-50ஐ வடித்துவிட்டு நேரடியாக 0டபிள்யூ-20 விடலாமா? போத்தலில் மிஞ்சும் ஒயிலை என் மோட்டார் சைக்கிளுக்குப் பாவிக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (அக்கரைப்பற்று)

நேரடியாக மாற்றலாம், பிளஷ் செய்யும் திரவங்கள் எதுவும் தேவையில்லை. காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமநிலத்தில் நிறுத்தி, ஒயில் சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்டு, பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பில்டரில் தங்கும் தடித்த ஒயில் புதிதுடன் கலக்காமல் இருக்க அது உதவும்.

மோட்டார் சைக்கிளுக்கு அந்த மிச்சம் வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் தகடுகளும் கியர்களும் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் கிளச்சை வழுக்கச் செய்யக்கூடும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (நனைந்த கிளச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜப்பானியத் தரக் குறியீடு) என்று குறித்த ஒயிலை, அந்தச் சைக்கிளின் கைநூல் சொல்லும் தரத்தில் வாங்குங்கள். மிஞ்சிய 0டபிள்யூ-20ஐ இறுக மூடிக் காரிலேயே வைத்திருந்தால், மட்டம் குறையும்போது நிரப்ப உதவும்.