இண்டிகேட்டர் சத்தம் கேட்டால் கை குளிர்ந்துவிடுகிறது: பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) உள்ளவர்களும் கூட இருப்பவர்களும் எழுதுங்கள்

விபத்து நடந்து 7 வருஷம் ஆகிறது. கார் கவிழ்ந்து, கதவு திறக்காமல், யாராவது வரும்வரை சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். எலும்பெல்லாம் கூடிவிட்டது. "இன்னும் கார்ல ஏற பயமா இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஏறுவேன், ஓட்டவும் செய்வேன். என்னைப் பிடித்து உலுக்குவது இண்டிகேட்டர் சத்தம்.

கவிழ்ந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. ஆள் அரவம் இல்லை. இண்டிகேட்டர் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. 20 நிமிடத்துக்கு மேல் எனக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பழைய கடிகாரம். முதலில் விரல் நுனி குளிர்ந்தது. எதிரில் இருந்தவரின் வாய் அசைகிறது, குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அடுத்து எனக்கு நினைவிருப்பது படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததுதான். நடுவில் எழுந்ததும் கதவைத் திறந்ததும் தெரியாது. "என்னங்க, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க?" என்று கேட்டார்கள். அந்த மீட்டிங்கில் கடிகாரம் இருந்தது என்பதே எனக்குப் பல வாரம் கழித்துத்தான் உறைத்தது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். பழையது ஞாபகம் வருகிறது என்று சொன்னால் பொய். ஞாபகம் என்றால் "அது அன்றைக்கு" என்ற ஒரு தூரம் இருக்கும். இதில் அந்தத் தூரமே இல்லை, இப்போது நடக்கிறது. என் தெரபிஸ்ட் விளக்கினார்: மூளையில் ஆபத்தைக் கண்டால் மணி அடிக்கிற பகுதியான அமிக்டலா, யோசிக்கிற முன்பகுதிக்காகக் காத்திருக்காதாம். "இது வேறு இடம், வேறு நாள்" என்று அடையாளம் சொல்லவேண்டிய ஹிப்போகேம்பஸின் குரல் அந்த நேரத்தில் எடுபடாமல் போகிறது. அதைக் கேட்டபோது அழுதுவிட்டேன். பைத்தியம் பிடிக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

சிகிச்சையில் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நிகழ்காலத்தில் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு அமர்வும் 90 நிமிடம். அதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்கவேண்டும். கடைசி வாரங்களில் இண்டிகேட்டர் சத்தத்தையே போட்டுக் கேட்டேன். தயவுசெய்து யாரும் இதைத் தனியாக வீட்டில் முயன்று பார்க்காதீர்கள், இதில் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருந்ததால்தான் என்னால் முடிந்தது. சத்தம் இன்னும் பிடிப்பதில்லை. ஆனால் நான் காணாமல் போவதில்லை.

உங்களுக்கு எப்படி வருகிறது? கூட இருப்பவர்களும் எழுதுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறோம் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

* * *

சகோதரி, "கோவிச்சுக்கிட்டு" என்ற இடத்தில் அப்படியே நிறுத்திவிட்டேன். என் அக்காவைப் பற்றி நாங்கள் பத்து வருஷமாகச் சொன்னது அதைத்தான்.

அக்கா ஒரு தீ விபத்தில் தப்பியவள். பிளாஸ்டிக் கருகுகிற வாசனை லேசாக வந்தால் போதும், குரல் மாறிவிடும். யார் கையில் எது இருந்தாலும் பிடுங்குவாள், குழந்தைகளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளுவாள், வீட்டில் இருக்கிற அத்தனை ஸ்விட்சையும் அணைப்பாள். அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேச்சு இல்லை. பயந்த ஆள் என்றால் நடுங்குவார்கள், அழுவார்கள் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது வெறும் முன்கோபமாகத்தான் தெரிந்தது. அவள் குழந்தைகளைத் தள்ளியது வாசலை நோக்கி என்பதை நான் கவனித்ததே இல்லை.

அதிலும் வாசனை என்பது தனிப் பிரச்சினை என்று பிறகு படித்தேன். கண்ணும் காதும் அனுப்புகிற செய்தி, மூளைக்குள் தபால் நிலையம் மாதிரி இருக்கிற தலாமஸைத் தொட்டுத்தான் மேலே போகிறது. வாசனைக்கு அந்தச் சுற்று இல்லாமலே அமிக்டலாவுக்குக் குறுக்குவழி இருக்கிறது. அவள் என்னவென்று மோந்து பார்ப்பதற்குள் உடம்பு ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மா வாசனைதானே" என்பேன். பின்னாலிருந்து கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்யப் பார்ப்பேன். ஒருமுறை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டாள், உதட்டில் ரத்தம். தீக்குள்ளிருந்து தப்பிக்க ஓடுகிறவளைப் பின்னாலிருந்து பிடித்தால் வேறென்ன செய்வாள்?

இப்போது எதிரில், இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன்: "அக்கா, ஹேர் டிரையர் சூடாயிடுச்சு. ப்ளக்கை எடுத்துட்டேன். வா, வந்து பாரு." அவள் வந்து பார்ப்பாள். கையை வைத்துப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று நான் சொல்வதைவிட, அவளே பார்த்துத் தெரிந்துகொள்வதில்தான் மூச்சு இறங்குகிறது. பேசாத இரண்டு நாள் இப்போது ஒரு மத்தியானமாகக் குறைந்திருக்கிறது.

* * *

நான் பல் மருத்துவ உதவியாளர். நாற்காலியைச் சாய்த்து விளக்கைப் போட்டதும் ஒரு அம்மா அப்படியே அசையாமல் இருந்தார். சொன்னதெல்லாம் கேட்டார், வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார். நல்ல ஒத்துழைப்பு என்று நினைத்துக்கொண்டேன். முடிந்து பார்த்தால் காது வரைக்கும் கண்ணீர் வழிந்து காய்ந்திருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் வர நேரமானது. உறைந்துபோவதும் ஒரு பதில்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போனவர்களின் உடம்பு கற்றுக்கொண்டது அது.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: "கையைத் தூக்குனா நிறுத்திடுவோம், சரியா?" தொடும் முன் சொல்கிறேன். யாராவது ரொம்ப அமைதியாக இருந்தால் நானே நிறுத்தி நாற்காலியை நிமிர்த்துகிறேன், ஏனென்றால் உறைந்தவரால் கையைக்கூடத் தூக்க முடியாது.

* * *

எனக்குச் சத்தமோ வாசனையோ இல்லை. மாதம். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தூக்கம் போய்விடும், யார் பேசினாலும் எரிச்சல். நாள்காட்டியைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.

* * *

என்னுடையதை யாரும் பார்த்ததில்லை, பார்க்கிற மாதிரி எதுவும் நடக்காததால். லிஃப்ட்டில் வைத்துத் தாக்கப்பட்டேன். அதிலிருந்து படிக்கட்டு. உடம்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னேன், நானும் நம்பினேன். பிறகு உயரமான கட்டடங்களில் இருக்கிற நண்பர்களைப் பார்க்கப் போவது நின்றது. பிறகு ஒன்பதாவது மாடியில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்றேன். லிஃப்ட்டைத் தவிர்த்த ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னை ஏமாற்றியது. ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் இன்னும் கொஞ்சம் பெரிய ஆபத்தாகிவிட்டது. இந்த மாதம்தான் முதல்முறையாக மருத்துவரிடம் பேசினேன். இப்போதைக்குக் கதவு திறந்து மூடுவதைத் தூரத்தில் நின்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

* * *

எழுதிய எல்லோருக்கும் நன்றி. லிஃப்ட் நண்பரே, தூரத்தில் நிற்பதை "அவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது.

அக்காவின் தம்பிக்கு ஒன்று. போன வாரம் தோழியின் காரில் போனேன். திருப்பத்தில் நெரிசல், டிக் டிக் நிற்கவே இல்லை, கை குளிர ஆரம்பித்தது. அவள் என் கையைப் பார்த்தாள், தொடவில்லை. "இண்டிகேட்டர்தான். முன்னாடி ரெண்டு வண்டி இருக்கு, அது போனதும் திரும்பிடலாம்" என்றாள். நான் எண்ணினேன். ஒரு வண்டி. இன்னொரு வண்டி. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள், நேராக்கியதும் சத்தம் தானாகவே நின்றது.