கோச்செல்லாவில் கஞ்சா கூடாது, கோல்டன் கேட் பூங்காவில் கடை போட்டே விற்கிறார்கள்: எது சரி?

பே_ஏரியா_பறவை
கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர் 28.5 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம். 2016 நவம்பரில் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் இது. கடை விற்பனை 2018 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதே மாநிலத்தில் இரண்டு பெரிய இசை விழாக்களைப் பாருங்கள். இண்டியோவில் நடக்கும் கோச்செல்லா, சட்டம் மாறிய பிறகும் கஞ்சாவோ கஞ்சா சேர்ந்த பொருளோ உள்ளே வரக்கூடாது என்றே சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் நடக்கும் அவுட்சைட் லேண்ட்ஸ் 2018இல் 'கிராஸ் லேண்ட்ஸ்' என்று ஒரு தனிப் பகுதியைத் திறந்தது. முதல் வருடம் வெறும் காட்சிக்கு. 2019 ஆகஸ்டில் அங்கேயே வாங்கி அங்கேயே புகைக்கலாம் என்றாகிவிட்டது.

எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது. தடை போட்ட விழாவில் மட்டும் யாரும் புகைப்பதில்லையா என்ன? இருட்டிய பிறகு எந்த மேடைக்கு முன்னால் போய் நின்றாலும் மூக்கே சொல்லிவிடும்.

இரண்டு_பிள்ளை_அப்பா
திருட்டுத்தனமாக நடக்கிறது, தடுக்க முடியவில்லை, அதனால் கடையே போட்டுவிடலாம் என்கிறீர்கள். இந்த நியாயத்தை வேறு எதற்காவது ஒப்புக்கொள்வீர்களா? இந்த விழாக்களுக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். டிக்கெட் வாங்கிக் கொடுப்பது என்னைப் போன்ற ஆட்கள்தான். கூட்டத்தில் ஒருவன் ஒளித்துப் புகைப்பதும், விழாக்காரரே பெயர்ப் பலகை வைத்து விற்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, இது பாப்கார்ன் மாதிரி ஒரு பண்டம் என்றுதான் பதியும்.

பே_ஏரியா_பறவை
ஐயா, நீங்கள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். சுற்றிலும் வேலி. வாசலில் அடையாள அட்டை பார்க்காமல் விடமாட்டார்கள். உள்ளே புகைப்பது வெளியே இருப்பவர் கண்ணில் படக்கூடாது, அந்தப் பகுதிக்குள் மதுவோ புகையிலையோ விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. கையில் பீர்க் கோப்பையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அதே விழாவில் ஒயினுக்கு ஒரு 'லேண்ட்ஸ்', பீருக்கு ஒரு 'லேண்ட்ஸ்' உண்டு. உங்கள் பிள்ளை மனதில் அது எப்படிப் பதியும் என்று நீங்கள் கேட்கவே இல்லையே?

இரண்டு_பிள்ளை_அப்பா
மது தப்பாக இருந்தால் இன்னொரு தப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? இருக்கிற ஒன்றையே நம்மால் சமாளிக்க முடியவில்லை.

இரவுப்பணி_நர்ஸ்
இடையில் வருகிறேன். பெரிய விழா ஒன்றின் மருத்துவக் கூடாரத்தில் வேலை பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம். கஞ்சாவால் எங்களிடம் வந்தவர்களில் புகைத்தவர்கள் குறைவு. பெரும்பாலும் கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் ('கம்மி') தின்றவர்கள்தான். கதை எப்போதும் ஒன்றுதான். ஒன்று தின்பார்கள். அரைமணி ஆகும், ஒன்றும் தெரியாது. 'டூப்ளிகேட் சரக்கு போல' என்று இன்னும் இரண்டு. வயிற்றுக்குள் போனது ஏறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும் என்பது தெரியாது. அப்புறம் மூன்றும் சேர்ந்து ஏறும்போது, நெஞ்சு படபடக்க, தான் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு வருவார்கள். முகம் வெளுத்து, கை சில்லென்று இருக்கும். நாங்கள் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை: நாடி, ரத்த அழுத்தம் பார்ப்போம், நிழலில் சாய வைப்போம், தண்ணீர் கொடுப்போம், 'இறங்கிவிடும், பக்கத்திலேயே இருக்கிறேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்வோம்.

'எவ்வளவு தின்றாய்?' என்று கேட்டால் தடை உள்ள இடத்தில் உண்மை வராது. செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிடுவோமோ என்ற பயம். ஜிப்லாக் பையில் உறை இல்லாமல் கொண்டுவந்த மிட்டாயில் எத்தனை மில்லிகிராம் என்று அவர்களுக்கே தெரியாது. உரிமம் உள்ள கடைச் சரக்கு என்றால் ஒரு துண்டுக்கு டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100. அதற்கு மேல் கலிஃபோர்னியாவில் விற்க முடியாது. உறையை நீட்டினாலே எனக்குப் பாதி வேலை முடிந்தது.

அதற்காக நான் பறவை கட்சி என்று நினைக்க வேண்டாம். வெயிலில் நாள் முழுக்க நின்று, பீரும் குடித்து, மேலே இதையும் போட்டால் மயங்கி விழுவது நிச்சயம். வேலிக்குள் மது இல்லை, சரி. வேலியைத் தாண்டிப் பத்தடி வைத்தால் பீர். வயிறு ஒன்றுதானே!

விசா_வரிசை
எல்லோரும் கலிஃபோர்னியாச் சட்டத்தையே பேசுகிறீர்கள். இங்கே படிப்பவர்களில் பாதிப் பேர் எச்1பி வேலை விசா, மீதிப் பேர் கிரீன் கார்டு. 1970ஆம் வருடத்துச் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில், ஹெராயினோடு சேர்த்து வைத்தது. பொழுதுபோக்குக்குப் பயன்படுத்த மத்திய அரசு இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை. குடியுரிமை, நுழைவு எல்லாம் மத்திய அரசின் கையில். மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சாத் தொடர்பு குடியுரிமைக்கான 'நல்ல நடத்தை' நிபந்தனையைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. வழக்கு, தண்டனை எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டு நீங்களே 'ஆமாம்' என்றால்கூட உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப அது காரணமாகலாம். போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். கிராஸ் லேண்ட்ஸ் வாசலில் எடுத்த செல்ஃபி அதில் இருக்கும்.

பறவை சொல்லும் வேலி குடிமக்களுக்குத்தான். நமக்கு அது பொறி.

சிங்கைத்_தம்பி
அண்ணே, எங்கள் ஊர்க் கதை இன்னும் மோசம். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில், அந்த நாட்டுச் சட்டப்படியே, இழுத்துவிட்டு வந்தாலும் இங்கே குற்றம்தான். நான் அவுட்சைட் லேண்ட்ஸ் போனால் அந்த வேலிப் பக்கமே போகமாட்டேன்.

மூட்டுவலி_மாமா
எனக்குப் போதையே வேண்டாம் அப்பா. முழங்காலுக்குச் சிபிடி தைலம் தேய்க்கிறேன், அதே செடியில் போதை தராத பொருள், அவ்வளவுதான். அதையுமா வாசலில் பிடுங்குவார்கள்?

விசா_வரிசை
மாமா, 2018 விவசாய மசோதாவின்படி டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத சணல் வகைச் செடிப் பொருளுக்கு மத்திய அரசின் தடை நீங்கியது. ஆனால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு 0.3ஐ எப்படித் தெரியும்? லேபிளில் ஐந்து விரல் இலை படம் இருந்தால் தொட்டியில் போடு என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். லேபிளையும் நம்ப முடியாது. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களில் 31 விழுக்காட்டில் மட்டுமே அளவு சரியாக எழுதியிருந்தது. 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. சாப்பிடும், குடிக்கும் வகையில் துளி டிஎச்சி தெரிந்தாலும் விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவே 2024 செப்டம்பரில் அவசர விதி போட்டது. உங்களுடையது தேய்க்கும் தைலம்தான். ஆனாலும் டப்பாவை அறையிலேயே வைத்துவிட்டு, கிளம்பும் முன் தேய்த்துக்கொண்டு போங்கள்.

மூட்டுவலி_மாமா
நாலு மணி நேரம் நிற்கிறவனுக்குத்தானய்யா நடுவில் தேவைப்படும்!

பே_ஏரியா_பறவை
மாமாவின் தைலம்கூட உள்ளே போக முடியாத நிலையை உண்டாக்கியது எது? முழுத் தடைதான். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் தள்ளுகிறது. விசா விஷயத்தை ஏற்கிறேன், அது வாஷிங்டன் திருத்த வேண்டியது. அதற்காக இசை விழா தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நர்ஸ் அக்கா சொன்னதைப் படியுங்கள்: அளவு தெரிந்த சரக்கு, பயமில்லாமல் உண்மை சொல்லும் நோயாளி. இந்த இரண்டும் தடை போட்ட இடத்தில் கிடைக்காது.

இரண்டு_பிள்ளை_அப்பா
நர்ஸ் அம்மா சொன்னதில் உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் பொறுப்பு என்ற சொல்லை விழாக்காரர்கள் வாயில் திணிக்காதீர்கள். 2019இல் அந்த மூன்று நாளில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றதாகச் செய்தி வந்தது. அந்தப் பணம்தான் வேலி கட்டியது.

பே_ஏரியா_பறவை
கட்டட்டுமே. அந்தப் பணத்தில் 15 விழுக்காடு மாநிலத்துக்குக் கலால் வரி. ஜிப்லாக் பைக்காரன் என்ன வரி கட்டினான்?

இரவுப்பணி_நர்ஸ்
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வங்கிகள் மத்திய சட்டத்துக்குப் பயப்படுவதால் கஞ்சாக் கடைகளில் பெரும்பாலும் ரொக்கம்தான். ஏடிஎம் வரிசையில் நின்று காசு எடுத்து, மறுபடி கடை வரிசையில் நின்று வாங்கியவர், 'இவ்வளவு நேரம் நின்றோமே' என்று ஒரேயடியாகத் தின்றுவிடுகிறார். வேலி வைப்பவர்கள் வாசலிலேயே இரண்டு மணி நேரக் கணக்கைச் சொல்ல ஓர் ஆளையும் வைக்க வேண்டும். சுவரொட்டியை யாரும் படிப்பதில்லை.

சிங்கைத்_தம்பி
ஒரு சந்தேகம். இண்டியோ நகர மன்றம் நாளைக்கே அனுமதி கொடுத்தால் கோச்செல்லா மாறுமா?

விசா_வரிசை
கொடுக்க வழி இருக்கிறது தம்பி. முன்பு மாவட்டக் கண்காட்சித் திடல்களில் மட்டும்தான் இப்படி விற்கலாம். 2018 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டத்தால், உள்ளூர் நிர்வாகம் சம்மதித்தால் எங்கேயும் நடத்தலாம் என்றாகிவிட்டது. ஆனால் கோச்செல்லாவை நடத்தும் கோல்டன்வாய்ஸ், ஏஇஜி என்ற பெரிய குழுமத்தின் கிளை. பல மாநிலங்களில் அரங்கு, பல மாநிலங்களில் மது உரிமம், காப்பீடு. ஒரு பாலைவன ஊரின் சம்மதத்தை நம்பி அவர்கள் இதில் இறங்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டு_பிள்ளை_அப்பா
நல்லது. என் மகளை அங்கேயே அனுப்புகிறேன்.

பே_ஏரியா_பறவை
அனுப்புங்கள் ஐயா. யாராவது ஜிப்லாக் பையை நீட்டினால் உள்ளே எத்தனை மில்லிகிராம் என்று கேட்கச் சொல்லுங்கள்.