6பிடி எஞ்சின் முழு வேலைக்குப் பிறகு கூலன்ட் குறையுது, நின்ற வண்டியில ஒரு சொட்டு இல்லை

பத்துசக்கரம்:

வணக்கம். வண்டி டாடா 2515, கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் டர்போ. எஞ்சினை முழுசாப் பிரிச்சு வேலை முடிஞ்சு 900 கி.மீ. ஓடியிருக்கு. பிளாக் 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் பண்ணி (சிலிண்டர் துளையைப் பெருசாக்கி) புது பிஸ்டன், ரிங். கிராங்க் கிரைண்டிங், புது பேரிங். ஹெட் ஃபேஸிங், புது ஹெட் கேஸ்கட். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் புதுசு. ஆயில் கூலரைக் கழுவி புது கேஸ்கட் போட்டாச்சு. ஏர் கம்ப்ரஸரையும் பிரிச்சு ரிங், வால்வ் கிட் மாத்தினது. கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் தண்ணி லைன் போற மாடல் அது.

இப்ப தினமும் ஒன்றரை முதல் 2 லிட்டர் கூலன்ட் ஊத்த வேண்டியிருக்கு. ராத்திரி கீழே அட்டை விரிச்சு வெச்சும் சொட்டு இல்லை. ரேடியேட்டர் ஓவர்ஃப்ளோ டியூப் வாய்க்குப் பக்கத்துல சேஸிஸ்ல மட்டும் பச்சைக் கறை. ஆயில் பால் மாதிரி ஆகலை. காலையில ரெண்டு நிமிஷம் வெள்ளைப் புகை, அப்புறம் சுத்தம். டெம்பரேச்சர் முள் ஏறலை. ஆனா காலையில ஸ்டார்ட் பண்ணி 5 நிமிஷத்துல, தண்ணி சூடாகுறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுது. மூடியைத் திறந்து வெச்சு ஓட்டினா குமிழ் வருது.

இன்னொண்ணு புரியலை. சங்ககிரியிலிருந்து லோடோட தொப்பூர் மலைப்பாதை ஏறி தருமபுரியில பார்த்தா கால் லிட்டர்கூடக் குறையாது. திரும்பக் காலியா இறங்கி சேலம் ஊருக்குள்ள வந்து ஆறவிட்டுப் பார்த்தா ஒரு லிட்டருக்கு மேல போயிருக்கும். பட்டறையில ஹெட்டைத் தூக்கணும்கிறாங்க. இன்னொருத்தர் லைனர் ஓ-ரிங் (சிலிண்டர் குழாயைச் சுத்தித் தண்ணியைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கும்கிறார். ஹெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

ஃபீலர்கேஜ்:

முதல்ல ஓ-ரிங் பேச்சை விட்டுடுங்க. 6பிடி-யில வெட் லைனரே (வெளிப்பக்கம் நேராத் தண்ணியில நிக்கிற சிலிண்டர் குழாய்) கிடையாது. பிஸ்டன் நேரா பிளாக் போர்லயே ஓடுது, போர் அளவு 102 மி.மீ. போர் ரொம்பக் கெட்டுப்போனா ஸ்லீவ் அடிப்பாங்க. அதுவும் டிரை ஸ்லீவ், தண்ணியைத் தொடாது. வேற எஞ்சின்ல வேலை செஞ்ச பழக்கத்துல அப்படிச் சொல்லியிருப்பார்.

ஹெட்டைத் தொடாம பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. ராத்திரி முழுக்க வண்டி நின்ன பிறகு, ஸ்டார்ட் பண்ணாம, சம்ப் (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) டிரெய்ன் பிளக்கை மெதுவாத் தளர்த்துங்க. ஆயிலைவிடத் தண்ணி கனம், அடியில தங்கி அதுதான் முதல்ல வரும். அரை டம்ளர் தண்ணி இருந்தாலும் தெரிஞ்சிடும். டிப்ஸ்டிக் சுத்தமா இருக்குங்கிறதை மட்டும் நம்பக் கூடாது. முதல் சொட்டே ஆயிலா வந்தா உடனே பிளக்கை இறுக்கிடலாம்.

ஆயில் கூலர் கசிஞ்சா எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம், அதனால ஆயில் தண்ணிக்குள்ள போகும். ரேடியேட்டர் வாயில விரலை விட்டுப் பாருங்க, பிசுபிசுப்பு இருந்தா கூலர். இல்லைன்னா அதை ஒதுக்கிடலாம்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். டெஸ்டர் இல்லைன்னா பழைய ரேடியேட்டர் மூடியில ஓட்டை போட்டு டியூப் வால்வ் பொருத்தி, கேஜ் வெச்ச கைப்பம்புல காத்து அடிக்கலாம். மூடியில எழுதியிருக்கிற அளவைத் தாண்டாதீங்க; கம்ப்ரஸர் லைனை நேரா மாட்டவே மாட்டாதீங்க, ரேடியேட்டர் டேங்க் பிளந்துடும். 20 நிமிஷம் முள் இறங்காம நிக்கணும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு தடவை, சூடா நிறுத்தின உடனே ஒரு தடவை பண்ணுங்க. சூட்டுல விரியிற கசிவு குளிர்ல தெரியாது, குளிர்ல சுருங்கித் திறக்கிற ஹோஸ் கிளிப் கசிவு சூட்டுல தெரியாது. டார்ச் அடிச்சுப் பார்க்க வேண்டிய இடம்: வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்ன வீப் ஹோல் (சீல் கசிஞ்சா தண்ணி வெளியே வர்ற ஓட்டை), பம்ப் பிளாக்ல உட்கார்ற சீல் ரிங், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஆயில் கூலர் கவர் விளிம்பு, பிளாக் பக்கவாட்டு வெல்ச் பிளக் (பிளாக் ஓட்டைகளை அடைக்கிற தகடு மூடி) எல்லாம். பின்பக்கம் ஃப்ளைவீல் ஹவுசிங்குக்குள்ள இருந்து ஈரம் வந்தா பின் வெல்ச் பிளக் மேல சந்தேகம் வரணும். கூலன்ட் கலந்து ஓட்டினா காய்ஞ்ச இடத்துல பச்சைப் பொடி நிக்கும். வெறும் போர்வெல் தண்ணின்னா வெள்ளைச் சுண்ணாம்புக் கறை, அது பழசா புதுசான்னு சொல்றது கஷ்டம்.

புது வேலைக்கு அப்புறம் முதல் ரெண்டு மூணு சூடு-ஆறல்ல உள்ளே மாட்டின காத்து வெளியேறி மட்டம் இறங்கும், அது கசிவு இல்லை. ஆனா 900 கி.மீ. கழிச்சும் தினம் 2 லிட்டர்னா அது காத்து இல்லை.

டார்க்ரெஞ்ச்:

ஹோஸ் ஆறின நிலையிலேயே கல்லாகுதுன்னா ஏதோ ஒரு வாயு அழுத்தத்தோட உள்ளே வருது. ஹெட் கேஸ்கட் சந்தேகம் நியாயமானதுதான். ஆனா சந்தேகத்துக்காகத் தூக்காதீங்க. பிளாக் டெஸ்ட் திரவம் கடையில கிடைக்கும். ரேடியேட்டர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, வாயில குடுவையை வெச்சு, எஞ்சின் ஓட பல்பை அமுக்கி ஆவியை அதுவழியா இழுக்கணும். எரிஞ்ச வாயு இருந்தா அதுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடுக்கு நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறும். கூலன்ட் குடுவைக்குள்ள ஏறிடாம பாருங்க, ஏறினா டெஸ்ட் தப்பாயிடும்.

ஹெட் போல்ட் எப்படி இறுக்கினாங்கன்னும் கேளுங்க. 6பிடி-யில 26 போல்ட், மூணு நீளம். வரிசைப்படி எல்லாத்துக்கும் 90 நியூட்டன் மீட்டர். அப்புறம் நீள போல்ட்டுக்கு மட்டும் 120. கடைசியா எல்லாத்தையும் 90 டிகிரி திருப்பணும். கை அளவுல இறுக்கி விட்டிருந்தா கேஸ்கட் நிக்காது. போல்ட் நீளத்தை அளந்து பார்க்காம பழசையே போட்டதும், ஓட்டைக்குள்ள ஆயிலோ தண்ணியோ தேங்கியிருக்க இறுக்கினதும் அடிக்கடி நடக்கிற தப்பு. ஓட்டையில தேங்கின திரவம் டார்க்கைப் பொய்யாக் காட்டும், பிளாக்கையே வெடிக்க வெச்சிடும். பிளாக்கையும் ஃபேஸ் பண்ணியிருந்தா பிஸ்டன் எவ்வளவு வெளியே நிக்குதுன்னு டயல்ல அளந்து, தேவைப்பட்டா தடிமன் கூடின கேஸ்கட் போட்டிருக்கணும்.

காத்துபிரேக்:

தம்பி, நீங்க கடைசியா எழுதினதுதான் முக்கியம், அதை யாரும் தொடலை. ஹெட் கேஸ்கட் போயிருந்தா லோடோட தொப்பூர் ஏறும்போதுதான் அதிகம் தள்ளும். சிலிண்டர் அழுத்தம் அங்கேதான் உச்சம். உங்களுக்கு ஏத்தத்துல ஒண்ணும் ஆகலை, இறக்கத்துலயும் சிக்னல் நெரிசல்லயும் குறையுது. அங்கே அதிகம் வேலை செய்யுறது எது? பிரேக். பிரேக்குக்குக் காத்து அடிக்கிறது கம்ப்ரஸர். அதோட ஹெட்ல தண்ணி ஓடுது, இந்த வேலையில அதையும் பிரிச்சிருக்கீங்க.

கம்ப்ரஸர் ஹெட் கேஸ்கட் கசிஞ்சா 8 பார் வரைக்கும் போற காத்து, 1 பார்கூடத் தாங்காத ரேடியேட்டருக்குள்ள இறங்கும். மூடி திறந்து கூலன்டை ஓவர்ஃப்ளோ வழியா வெளியே தள்ளிடும். பார்க்க அச்சு அசல் ஹெட் கேஸ்கட் போன மாதிரியே இருக்கும். ஆனா இது வெளிக்காத்து. பிளாக் டெஸ்ட் திரவம் நீலமாவே நிக்கும்.

இப்படிப் பாருங்க. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விடுங்க. ஒருத்தர் ரேடியேட்டர் வாயைப் பார்க்கணும், ஒருத்தர் ஏர் கேஜைப் பார்க்கணும். காத்து ஏற ஏற குமிழ் வரும். டேங்க் நிறைஞ்சு அன்லோடர் வால்வ் (டேங்க் நிறைஞ்சதும் காத்தை வெளியே விடுற வால்வ்) புஸ்ஸுன்னு விட்ட உடனே குமிழ் நிக்குதான்னு பாருங்க. பிரேக்கை ஏழெட்டுத் தடவை மிதிச்சுக் காத்தை இறக்குங்க. கம்ப்ரஸர் மறுபடி அடிக்க ஆரம்பிச்சதும் குமிழ் திரும்ப வந்தா வேற டெஸ்டே வேண்டாம். சந்தேகம் இருந்தா கம்ப்ரஸர் டெலிவரி பைப்பை (டேங்குக்குக் காத்து போற பைப்) கழட்டிவிட்டு ஓட்டிப் பாருங்க, குமிழ் வரக் கூடாது. அந்த நிலையில வண்டியை நகர்த்தாதீங்க, பிரேக்குக்குக் காத்து இருக்காது.

முதல் ஏர் டேங்க் காக்கையும் (அடியில இருக்கிற டிரெய்ன் குழாய்த் திருகு) திறந்து பாருங்க. எஞ்சின் நின்னதும் கம்ப்ரஸர்ல அழுத்தம் போயிடும், சூடான ரேடியேட்டர்ல அழுத்தம் இருக்கும். அப்ப கூலன்ட் திரும்பிக் கம்ப்ரஸருக்குள்ள வரும், காலையில அதை டேங்குக்குத் தள்ளிடும்.

பத்துசக்கரம்:

பார்த்தாச்சு அண்ணே. திரவம் 10 நிமிஷம் நீலமாவே இருந்தது. சம்ப்ல தண்ணி இல்லை. அன்லோடர் விட்ட உடனே குமிழ் பொட்டுன்னு நின்னுடுது, பிரேக் மிதிச்சு முள் இறங்கினதும் திரும்ப வருது. நாலு தடவை பார்த்தும் அப்படியேதான். டேங்க் காக்கைத் திறந்து பேசின் வெச்சா கால் லிட்டர் பச்சைத் தண்ணி, மேல ஆயில் படலம். இனி கம்ப்ரஸர்ல என்ன பார்க்கணும்? காத்து லைன்ல போன கூலன்டை என்ன பண்றது?

காத்துபிரேக்:

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழட்டினதும் கேஸ்கட்டைத் துடைக்காதீங்க, முதல்ல வெளிச்சத்துல பாருங்க. டெலிவரி அறைக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல காத்து போன இடம் மட்டும் கழுவின மாதிரி பளபளன்னு ஒரு கோடா இருக்கும். அந்தக் கோடு இருக்கிற இடத்துல ஹெட்டையும் வால்வ் பிளேட்டையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சுப் பாருங்க. 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைஞ்சா சமமில்லை. தடிக் கண்ணாடி மேல எமரி ஷீட் ஒட்டி 240, பிறகு 400-ல எட்டு வடிவமாத் தேய்ச்சா சின்ன வளைவு போயிடும். கேஸ்கட்ல கோடே இல்லைன்னா ஹெட்ல விரிசல். தண்ணி ஓட்டைகளை அடைச்சு, வாளித் தண்ணியில முக்கி, டெலிவரி வழியாக் காத்து குடுத்தா குமிழ் காட்டிக் குடுக்கும். விரிசல்னா வெல்டிங் வேண்டாம், ஹெட் மாத்துங்க.

கேஸ்கட்டுக்கு அனபாண்ட் பசை தடவி மாட்டியிருந்தா அது பிதுங்கித் தண்ணி ஓட்டையை அடைச்சிருக்கும். ஹெட் சூடாகி வளைஞ்சதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். டெலிவரி பைப்பையும் கழட்டி உள்ளே பாருங்க. கரி படிஞ்சு வாய் சுருங்கியிருந்தா சூடும் அழுத்தமும் கூடும், புது கேஸ்கட்டும் சீக்கிரம் போயிடும். போல்ட்டைக் குறுக்கு மறுக்கா மூணு சுத்துல இறுக்குங்க. டார்க் அளவு கம்ப்ரஸர் மாடலுக்கு மாடல் மாறும், அதோட ஷீட்ல இருக்கிறதை எடுங்க. பேஞ்ஜோ போல்ட் (லைனை மாட்டுற, உள்ளே துளை இருக்கிற போல்ட்) செம்பு வாஷர் புதுசு போடுங்க. திரும்பி வர்ற தண்ணி லைனைக் கழட்டி ஐடில்ல ஓட்டினா தாராளமாக் கொட்டணும், சொட்டினா உள்ளே அடைப்பு.

எல்லா டேங்கையும் காய்ஞ்ச காத்து வர்ற வரைக்கும் டிரெய்ன் பண்ணுங்க. ஏர் டிரையர் இருந்தா கார்ட்ரிட்ஜ் மாத்தணும், நனைஞ்சது காயாது. பிரேக் வால்வ் ஏதாவது மெதுவா விடுதான்னு லோடு ஏத்துறதுக்கு முன்னாடி பாருங்க. ரிங் வழியா சம்புக்கும் கொஞ்சம் போயிருக்கலாம், ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க, புது பேரிங் போட்ட எஞ்சின் அது. ரேடியேட்டருக்கு வெறும் தண்ணி ஊத்தி மட்டம் கட்டியிருந்தா கலவை நீர்த்திருக்கும். முழுசா இறக்கி பாதிக்குப் பாதி கலந்து மெதுவா ஊத்துங்க. மூணு தடவை சூடாக்கி ஆறவெச்சு மட்டம் சரி பண்ணினதும், அன்லோடர் டெஸ்டை இன்னொரு தடவை பண்ணிட்டு லோடு ஏத்துங்க.