கருவின் இதயப் பரிசோதனைக்கு வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியிலுள்ள வண்டிப்பெரியாற்றில் வசிக்கும் என் தங்கைக்கு இது கர்ப்பத்தின் 20ஆவது வாரம். வழக்கமாக 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும், உறுப்புக் குறைபாடுகளைக் கண்டறியும் அனாமலி ஸ்கேனில் குழந்தையின் இதய அறைகள் நான்கும் தெளிவாகப் புலப்படவில்லை என்பதால், இதயத்தை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோவைத் தாமதமின்றி எடுக்குமாறு மருத்துவர் கூறியுள்ளார். குழந்தை படுத்திருக்கும் வாகினாலும் இப்படி நேரலாம் என்று அவர் சொன்னதை அம்மா நம்ப மறுக்கிறார்.

கோட்டயத்திலோ மதுரையிலோ, கரு மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்று, ஸ்கேன் படத்தைக் காட்டித் தமிழில் பொறுமையாக விளக்கக்கூடிய மருத்துவரை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மலைப்பாதை வளைவுகளில் அவளுக்கு ஓயாமல் வாந்தி வருவதால், ஸ்கேனும் ஆலோசனையும் ஒரே நாளில் முடியும் இடமாக இருந்தால் பேருதவியாக இருக்கும். முன்பதிவு முறை, கட்டணம், பழைய ஸ்கேன் பதிவுகளைக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.