புதுப்பிப்பு: குழந்தையை எழுப்பாமல் வயலின் பயிற்சி

விடியற்காலையில் வாசித்தால் இரண்டு வயது மகன் எழுந்துவிடுகிறான், மார்கழிக் கச்சேரிக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ரப்பர் மியூட், அதாவது வயலின் ஒலியை அடக்கும் சிறு துண்டு. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜின் மேல் செருகினால் அதன் அதிர்வு அடங்கி, ஒலி வெகுவாகக் குறைகிறது. கதவைச் சாத்திவிட்டால் அவன் அசைவதேயில்லை. உலோக மியூட் இன்னும் அமைதிதான், ஆனால் கனம். நழுவி விழுந்தால் வயலினில் வடுப்படும். அவன் மதியம் தூங்கும்போது வாசிக்கும் யோசனை சரிப்படவில்லை. சமையலறையை யார் பார்ப்பது?

எதிர்பாராத ஒன்று: மியூட்டோடு வாசித்து வாசித்து வில்லை அதிகம் அழுத்தத் தொடங்கிவிட்டேன். கழற்றியதும் நாதம் கரகரத்தது. அதனால் வரிசைகள் (அடிப்படை ஸ்வரப் பயிற்சிகள்), கீர்த்தனைப் பாடம் எல்லாம் மியூட்டோடு; நீண்ட வில் பயிற்சி மட்டும், அத்தை அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் மாலை நேரத்தில், மியூட் இல்லாமல்.